வீட்டுக் கணினியில் மிரரிங்: கார்டா, மென்பொருளா?

ஒரே தரவை இரண்டு ஹார்ட் டிஸ்க்கில் எழுதி வைக்கும் ரெய்டு 1 (மிரரிங்) அமைப்புக்கு, டிஸ்க்குகளைக் கட்டுப்படுத்தும் தனி ரெய்டு கார்டு வாங்கலாமா என்று யோசிப்பவர்களுக்கு: வீட்டுக்கு மென்பொருளே போதும். தரவோடு மீட்புக்கான கூடுதல் தகவலையும் கணக்கிட்டு எழுதும் ரெய்டு 5 போலக் கணக்குப் போடும் வேலை இதில் இல்லை, ஒரே தகவலை இரண்டு இடத்தில் எழுதுவதுதான். இன்றைய பிராசஸருக்கு அது ஒரு சுமையே இல்லை.

கார்டில் உள்ள சிக்கல் வேறு. பல கார்டுகள் டிஸ்க்கில் தங்களுக்கே உரிய வடிவத்தில் குறிப்புகளை எழுதி வைக்கும். கார்டு பழுதானால் அதே மாதிரி கார்டைத் தேடி அலைய வேண்டியிருக்கும். லினக்ஸின் எம்டிஅட்மின் (mdadm) என்ற ரெய்டு மென்பொருள் கொண்டு அமைத்த டிஸ்க்கையோ, வேறொரு லினக்ஸ் கணினியில் மாட்டி, 'அசெம்பிள்' கட்டளை கொடுத்தால் பெரும்பாலும் அப்படியே எழுந்து வந்துவிடும். விண்டோஸ் என்றால் இதே வேலைக்கு ஸ்டோரேஜ் ஸ்பேசஸ் என்ற வசதி அதிலேயே இருக்கிறது.

மதர்போர்டில் 'ரெய்டு' என்று போட்டிருப்பதைப் பார்த்து ஏமாற வேண்டாம். அதிலும் பெரும்பாலும் வேலை செய்வது டிரைவர் மென்பொருள்தான்.

அப்புறம், ஒரு டிஸ்க் போனால் மின்னஞ்சல் வரும்படி அமைத்துவிடுங்கள். இல்லையென்றால் மற்றதும் போகும்போதுதான் தெரியும். தவறுதலாக அழித்த கோப்பு இரண்டிலும் சேர்ந்தே அழியும் என்பதால் பேக்கப் தனியாக வேண்டும்.