இரண்டாம் கதிரையிலிருந்து முதற் கதிரைக்கு: ட்ரம்பெட் ஊதத் தொடங்கிய பெடியளுக்கு

ஆக மேலே ஊதுகிறவனுக்குத்தான் முதல் ட்ரம்பெட் என்று பாடசாலை பாண்டில் நிறையப் பேர் நினைக்கிறார்கள். சிம்பொனி இசைக்குழுவில் கதை வேறு. ட்ரம்பெட், ஹோர்ன், ட்ரோம்போன் என்று ஒவ்வொரு பகுதிக்கும் பொறுப்பாக ஒரு பிரின்சிபல், அதாவது முதற் கதிரைக்காரர், இருப்பார். மூச்சு எங்கே எடுப்பது, சுரத்தை எவ்வளவு நேரம் பிடிப்பது என்பதெல்லாம் அவர் முடிவு. தனி வாசிப்பும் பெரும்பாலும் அவருக்கே.

படி 1: கதிரைகளை விளங்கிக்கொள்ளுங்கள்

ஹோர்ன் நான்கு இருந்தால், ஒன்றும் மூன்றும் மேல் சுரங்களுக்கு, இரண்டும் நான்கும் கீழ்ச் சுரங்களுக்கு. ஆகவே நான்காவது கதிரை என்றால் கெட்டித்தனம் குறைந்தவர் என்று எண்ண வேண்டாம். 1824 இல் அரங்கேறிய பீத்தோவனின் ஒன்பதாவது சிம்பொனியில் பெயர்பெற்ற ஹோர்ன் தனி வாசிப்பு எழுதப்பட்டிருப்பது நான்காவது ஹோர்னுக்குத்தான். பெரிய குழுக்களில் பிரின்சிபலுக்கு உதவியாளர் ஒருவரும் உண்டு. சத்தமான இடங்களை அவர் வாங்கி ஊதுவார். தனி வாசிப்புக்கு முன் பிரின்சிபலின் உதடு ஆறும்.

படி 2: முதலில் நல்ல இரண்டாமவர் ஆகுங்கள்

கோயில் திருவிழாவில் நாதஸ்வரச் சோடியைக் கவனித்திருப்பீர்கள். பெரியவர் விடுகிற இடத்தில், அதே சுருதியில், அதே கனத்தில் மற்றவர் பிடிப்பார். இரண்டாவது ட்ரம்பெட்டின் வேலையும் அதுதான். இதற்கு வீட்டிலேயே ஒரு பயிற்சி செய்யலாம்.

சுருதிப்பெட்டியை ஆறரைக் கட்டையில் வையுங்கள். அது பி பிளாட். உங்கள் ட்ரம்பெட் இசைத்தாளில் சி என்று எழுதியிருக்கும் சுரம் அதுதான். வால்வு எதையும் அழுத்தாமல், ஐந்து கோடுகளின் மூன்றாம் இடைவெளியில் உள்ள சி ஊதி ஒன்றாகச் சேருங்கள். பிறகு, வால்வைத் தொடாமலே, அதற்கு மேலுள்ள ஈ. நமக்குத் தெரிந்த அந்தரகாந்தாரம். போனில் உள்ள டியூனர் இது குறைவு என்று காட்டும். நம்பி உதட்டால் ஏற்றாதீர்கள். பியானோவின் ஈயை விட ஏறக்குறைய 14 சென்ட் (அரைச்சுரத்தில் நூறில் ஒரு பங்குதான் ஒரு சென்ட்) கீழே நிற்கும்போதுதான் இந்தச் சுரம் சுருதியோடு ஒட்டும். ஒட்டாதவரை காதில் ஒரு அலை அடிக்கும், ஒட்டியதும் அது நின்றுவிடும். டியூனரைப் பார்த்து ஊதுகிறவர் எத்தனை வருடம் ஊதினாலும் பக்கத்தில் இருப்பவருக்குத் தொந்தரவுதான் என்பது என் எண்ணம்.

இன்னொன்று. நம்மூர் வெயிலில் வாத்தியம் சூடேறினால் சுருதியும் ஏறும். டியூனிங் ஸ்லைடைக் கொஞ்சம் வெளியே இழுங்கள்.

படி 3: வெற்றிடம் வரும்போது

அனுபவம் கூடியவர் தானாக மேலே போவதில்லை. பிரின்சிபல் இடம் காலியானால் பெரும்பாலும் பொது அறிவித்தல் விட்டு ஓடிஷன், அதாவது ஊதிக் காட்டும் தேர்வு, வைப்பார்கள். பக்கத்துக் கதிரையில் பல வருடம் இருந்தவரும் வெளியாட்களோடு போட்டியிட வேண்டும். பல குழுக்களில், ஊதுவது யாரென்று தெரியாதபடி, திரைக்குப் பின்னால் நின்றுதான் ஊத வேண்டும். வென்ற பிறகும் தகுதிகாண் காலம் உண்டு. இரண்டாமவராக இருந்து பழகிய காது அப்போதுதான் கைகொடுக்கும்.

படி 4: கேட்கப்படும் பகுதிகள்

ட்ரம்பெட்டுக்கு அடிக்கடி கேட்பது, முசோர்க்ஸ்கி பியானோவுக்கு எழுதி 1922 இல் ரவேல் இசைக்குழுவுக்கு மாற்றிய ‘ஒரு கண்காட்சியின் படங்கள்’ தொடக்கம். அதன் முதல் இரண்டு பார்களில் பயப்படும் உயரத்தில் ஒரு சுரமும் இல்லை. பாண்டில் உள்ள பெடியனே எட்டிவிடுவான். ஆனால் துணைக்கு யாருமில்லை. ஐந்தும் ஆறுமாக மாறும் தாளத்தில் நடை தளம்பக் கூடாது, முதற்சுரம் இருமாமல் பிறக்க வேண்டும். மெட்ரோனோமை மிக மெதுவாக வைத்துத் தொடங்குங்கள்.

படி 5: இங்கேயே ஒத்திகை

மேலைத்தேய சங்கீத ஆசிரியரையும் இரண்டு நண்பர்களையும் அறைக்குள் இருத்தி, வாசலில் அம்மாவின் பழைய சேலையொன்றைக் கட்டுங்கள். அரைமணி நேரம் வாத்தியத்தைத் தொடாமல் வெளியே காத்திருந்துவிட்டு, கூப்பிட்டதும் வந்து ஊதுங்கள். போனில் பதியுங்கள். கொஞ்சம் தேறியபின் கொழும்பில் 1958 இல் தொடங்கிய இலங்கை சிம்பொனி இசைக்குழுவில் புதியவர்களை எப்போது எடுக்கிறார்கள் என்று விசாரியுங்கள். மூன்றாவது கதிரை தந்தாலும் வாங்கிக்கொள்ளுங்கள்.