கணினி அடிக்கடி ஹேங் ஆகிறதா? அவசரத்தில் செய்துவிடும் தவறுகள்

வேலையின் நடுவே கணினி அப்படியே நின்றுவிடுகிறது. இல்லையென்றால் சொல்லாமல் கொள்ளாமல் அணைந்து, தானாக மறுபடி தொடங்குகிறது. நாளுக்கு இரண்டு முறை இப்படி நடந்தால் யாருக்கும் பொறுமை போய்விடும். அந்த எரிச்சலில் பலர் முதலில் செய்வது, எல்லாவற்றையும் அழித்துவிட்டு விண்டோஸைப் புதிதாக நிறுவுவது. நானும் அதைச் செய்தவன்தான். என் அக்கா வீட்டுக் கணினியை ஒரே மாதத்தில் இரண்டு முறை ஃபார்மட் செய்தேன். இரண்டு முறையும் சில நாள் ஒழுங்காக ஓடியது, பிறகு பழையபடியே நின்றது. கடைசியில், உள்ளே இருந்த இரண்டு ரேம்களில் (கணினியின் தற்காலிக நினைவகப் பலகைகள்) ஒன்றுதான் பழுது என்று தெரிந்தது. அதைக் கழற்றி வைத்த நாளிலிருந்து கணினி ஒரு முறைகூட நிற்கவில்லை.

ஃபார்மட் செய்வதே தவறு என்று சொல்லவில்லை. அதை முதல் வேலையாகச் செய்வதுதான் தவறு. ஒவ்வொரு முறை நின்றபோதும் விண்டோஸ் எழுதி வைத்த பிழைப் பதிவுகள் அத்தனையும் அதோடு போய்விடுகின்றன. பழுது ரேமிலோ டிஸ்கிலோ இருந்தால், புதிதாக நிறுவும் கோப்புகளே சேதமாகிப் பதிவாகலாம். அப்போது பழைய கோளாறோடு புதியதும் சேர்ந்துகொள்ளும்.

இதைவிடப் பெரிய இழப்பைத் தரும் தவறு ஒன்று உண்டு. கோப்புகளை வேறிடத்தில் பிரதி எடுத்து வைக்காமலே டிஸ்கைச் சரிபார்க்கத் தொடங்குவது. டிஸ்கில் பிழை என்றதும், விண்டோஸில் உள்ள செக்டிஸ்க் கருவியை முழு ஸ்கேனுக்கு ஓடவிடச் சொல்லும் அறிவுரை எங்கும் கிடைக்கிறது. அந்த ஸ்கேன் டிஸ்கின் ஒவ்வொரு பகுதியையும் வாசித்துப் பார்க்கிறது, படிக்க முடியாத இடங்களில் மீண்டும் மீண்டும் முயல்கிறது. நல்ல டிஸ்க் அதைத் தாங்கும். உயிர் போகும் நிலையில் இருக்கும் டிஸ்க், மணிக்கணக்கில் நடக்கும் அந்த வேலையிலேயே நின்றுபோகலாம். அதோடு, அந்தக் கருவி கோப்பு முறைமையைச் சீராக்கப் பார்க்குமே தவிர உங்கள் படங்களைக் காப்பாற்றப் பார்க்காது. சிதைந்த கோப்புகளைத் துண்டுகளாக்கி ஒதுக்கிவிட்டு வேலை முடிந்தது என்று சொல்லிவிடும்.

டிஸ்க் சாகப்போகிறது என்பதற்கு அடையாளங்கள் உண்டு. ஒரு போல்டரைத் திறக்க அரை நிமிடம் ஆகிறது. டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் 100 சதவீதம் என்று காட்டுகிறது, ஆனால் தரவு நகரும் வேகமோ நொடிக்குச் சில நூறு கிலோபைட்தான். பழைய ஹார்டு டிஸ்க் என்றால் காதைப் பக்கத்தில் கொண்டுபோனால் டிக், டிக் என்று ஒரே சீரான ஒலி கேட்கும். சுழலும் பாகமே இல்லாத எஸ்எஸ்டி வகை டிஸ்க் இந்த ஒலியைக்கூடத் தராது, ஒரு நாள் காலையில் கணினி அதைக் கண்டுகொள்ளாமலே போகலாம். டிஸ்க் தன்னைப் பற்றித் தானே வைத்திருக்கும் ஸ்மார்ட் பதிவை கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ போன்ற இலவச நிரல்கள் காட்டும். அதில் மாற்றி ஒதுக்கப்பட்ட செக்டார்கள் (டிஸ்கின் சிறு பகுதிகள்), சரியாக வாசிக்க முடியாமல் மாற்றத்துக்குக் காத்திருக்கும் செக்டார்கள் ஆகிய எண்ணிக்கைகள் ஏறிக்கொண்டே போனால் தாமதிக்க வேண்டாம். முதலில் போனால் திரும்பாத படங்களையும் ஆவணங்களையும் வெளி டிஸ்கில் எடுத்து வையுங்கள், மற்றவை பிறகு. "எல்லாம் டி டிரைவில் பத்திரமாக இருக்கிறது" என்று பலர் நிம்மதியாக இருக்கிறார்கள். பல வீட்டுக் கணினிகளில் சி, டி இரண்டும் ஒரே டிஸ்கின் இரண்டு பகுதிகள்தான். டிஸ்க் போனால் இரண்டும் சேர்ந்தே போகும்.

அடுத்தது, திரையில் வருவதைப் படிக்காமல் விடுவது. நீலத் திரை வந்தால் (விண்டோஸ் 11-இன் புதிய பதிப்புகளில் அது கறுப்பாகிவிட்டது) கீழே உள்ள பிழைப் பெயரைக் கைபேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு சிறு எச்சரிக்கை: அந்தப் பெயரை அப்படியே தீர்ப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது. நினைவகம் பற்றிய பிழை என்று வந்தாலும் காரணம் ஒரு டிரைவராக (வன்பொருளை விண்டோஸ் இயக்க உதவும் நிரல்) இருக்கலாம். விண்டோஸின் பதிவுகளைக் காட்டும் ஈவென்ட் வியூவரில் கெர்னல்-பவர் 41 என்ற பதிவைப் பார்த்ததும் பவர் சப்ளையை மாற்றிவிடுபவர்களும் இருக்கிறார்கள். கணினி முறையாக அணைக்கப்படாமல் மறுபடி தொடங்கியது என்பது மட்டுமே அதன் பொருள். பவர் பட்டனை நீங்கள் அழுத்திப் பிடித்து அணைத்தாலும் அதே பதிவு வரும்.

நான் முதலில் திறப்பது ரிலயபிலிட்டி மானிட்டர். விண்டோஸ் தேடல் பெட்டியில் தேடினால் கிடைக்கும். நாள்வாரியாக ஒரு கோடு, நின்ற நாட்களில் சிவப்புக் குறி, அன்றோ முந்தின நாளோ நிறுவப்பட்ட நிரல்களும் அப்டேட்டுகளும் கீழே. சிவப்புக் குறிகள் எந்த நாளில் தொடங்கின என்று பார்த்தால், தேட வேண்டிய இடம் பாதிக்கு மேல் சுருங்கிவிடும். 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக் நிறுவனத்தின் பாதுகாப்பு மென்பொருளுக்கு வந்த ஒரு பிழையான அப்டேட், மைக்ரோசாஃப்ட் கணக்குப்படி சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகளை முடக்கியது. அவற்றின் வன்பொருளில் ஒரு குறையும் இல்லை.

ஒரே நேரத்தில் நான்கு மாற்றங்களைச் செய்வதும் இதே வகைத் தவறு. டிரைவரை மாற்றி, ரேமைக் கழற்றி மாட்டி, ஆன்டிவைரஸை நீக்கி, தூசியையும் தட்டிவிட்டால், கணினி சரியானாலும் எதனால் சரியானது என்று தெரியாது. ஒன்றைச் செய்யுங்கள், தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள், காத்திருங்கள். எவ்வளவு நாள் காத்திருப்பது? மூன்று நாளுக்கு ஒரு முறை நிற்கும் கணினி ஒரு நாள் நன்றாக ஓடினால் அது எதையும் நிரூபிக்காது. குறைந்தது ஒரு வாரமாவது பாருங்கள்.

ரேம் சோதனையில் எனக்கு ஏற்பட்ட அனுபவத்தால் இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். விண்டோஸில் உள்ள நினைவகச் சோதனையை ஒரு முறை ஓட்டி, பிழை இல்லை என்று வந்ததும் ரேமை நான் சந்தேகிப்பதையே விட்டுவிட்டேன். பிறகு மெம்டெஸ்ட்86-ஐ ஒரு பென் டிரைவில் போட்டு இரவு முழுவதும் ஓடவிட்டபோதுதான் சிவப்பு வரிகள் வந்தன. ஒரே ஒரு பிழை வந்தாலும் அது பிழைதான், போகட்டும் என்று விட முடியாது. ஆனால் ரேமைக் குறை சொல்லும் முன், பயாஸில் (கணினி தொடங்கும்போது முதலில் ஓடும் மதர்போர்டு நிரல்) எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போ இயக்கப்பட்டிருந்தால் அணைத்துவிட்டு மறுபடி சோதியுங்கள். அது ரேமை வழக்கமான வேகத்துக்கு மேல் ஓட்டும் அமைப்பு, சில கணினிகளுக்கு ஒத்துக்கொள்ளாது. இரண்டு ரேம் இருந்தால் ஒவ்வொன்றாக, ஒரே ஸ்லாட்டில் மாட்டிச் சோதியுங்கள். மின் இணைப்பைப் பிடுங்கிவிட்டுத்தான் கழற்ற வேண்டும். மாட்டும்போது கொக்கிகள் க்ளிக் என்று விழும்வரை ரேமின் இரு முனைகளையும் சமமாக அழுத்துங்கள். பாதி பதிந்த ரேமே பல நேரம் கோளாறுக்குக் காரணம். பொன்னிற முனைகளை ரப்பரால் தேய்க்கும் பழக்கம் வேண்டாம், மெல்லிய பூச்சு தேய்ந்துபோகும்.

சூடுதான் காரணம் என்று ஊகித்து நிறுத்திவிடுவதும் உண்டு. கணினியைப் போட்ட ஒரு நிமிடத்திலேயே நிற்கிறது என்றால் பெரும்பாலும் சூடு காரணமாக இருக்காது. அரை மணி நேரம் விளையாடியபின், அல்லது வீடியோ எடிட் செய்யும்போது மட்டும் அணைகிறது என்றால் சூட்டையும் பவர் சப்ளையையும் பாருங்கள். இன்றைய பிராசசர்கள் பல 95 முதல் 100 டிகிரி செல்சியஸ் அருகில் தம்மைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைக்கும். தூசி ஊதும்போது விசிறியின் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், அதிவேகத்தில் சுழலவிடாதீர்கள். பவர் சப்ளைப் பெட்டியை மட்டும் ஒருபோதும் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே இருக்கும் கெப்பாசிட்டர்கள் ஆபத்தான மின்சாரத்தைத் தேக்கி வைத்திருக்கும். சந்தேகம் இருந்தால் வேறொன்றை மாட்டிப் பாருங்கள்.

மென்பொருள் பக்கம் வந்தால், டிரைவர்களைத் தானே புதுப்பிப்பதாகச் சொல்லும் நிரல்களையும், ரெஜிஸ்ட்ரியை (விண்டோஸின் அமைப்புகள் பதிவாகும் இடம்) சுத்தம் செய்வதாகச் சொல்பவற்றையும் நிறுவவே வேண்டாம். கிராஃபிக்ஸ் டிரைவரை அதன் தயாரிப்பாளரிடமிருந்தே எடுங்கள். இரண்டு ஆன்டிவைரஸ்களை ஒன்றாக ஓடவிடாதீர்கள். திரையை அடைத்துக்கொண்டு ஒரு தொலைபேசி எண்ணுடன் எச்சரிக்கை வந்தால் அது மோசடி. மைக்ரோசாஃப்ட்டின் பிழைச் செய்திகளில் தொலைபேசி எண் இருக்காது.

பயாஸ் அப்டேட் விஷயத்தில் நிதானம் தேவை. அடிக்கடி அணையும் கணினி, அப்டேட் நடக்கும்போதே அணைந்தால் மதர்போர்டே பயனற்றுப்போகலாம். முதலில் பயாஸ் அமைப்புகளை இயல்புநிலைக்குக் கொண்டுவந்து கணினி நிலையாக இருக்கிறதா என்று பாருங்கள். இதற்கு ஒரு விலக்கு உண்டு. இன்டெலின் 13, 14-ஆம் தலைமுறை மேசைக் கணினி பிராசசர்கள் பலவற்றில் அளவுக்கு மீறிய மின்னழுத்தம் கோளாறு தந்தது. 2024-இல் அதற்கான திருத்தம் பயாஸ் வழியாகத்தான் வந்தது. ஏற்கெனவே சேதமான பிராசசரை அந்தத் திருத்தம் மீட்காது.

கணினி நின்றவுடனே பவர் பட்டனை அழுத்திப் பிடிக்காமல், கேப்ஸ் லாக்கைத் தட்டிப் பாருங்கள். விளக்கு மாறினால் உள்ளே உயிர் இருக்கிறது. விண்டோஸ், கன்ட்ரோல், ஷிஃப்ட் ஆகிய மூன்றோடு B எழுத்தையும் சேர்த்து அழுத்தினால் கிராஃபிக்ஸ் டிரைவர் மீண்டும் தொடங்கும், திரை சில நேரம் திரும்பிவிடும். ஓரிரு நிமிடம் பொறுத்தும் அசையவில்லை என்றால்தான் பட்டன். அன்றாடப் பிரச்சினைகளுக்கு ஷட் டவுனைவிட ரீஸ்டார்ட் மேல். ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் இயங்கும் கணினியில், ஷட் டவுன் செய்தாலும் விண்டோஸின் மையப் பகுதி பழைய நிலையிலேயே சேமிக்கப்பட்டுத் திரும்பி வருகிறது.

இத்தனைக்கும் பிறகு பழுது பார்ப்பவரிடம் கொண்டுபோகிறீர்கள் என்றால், ஒரு தாளில் எழுதி கணினியோடு கொடுங்கள்: எப்போதிலிருந்து நிற்கிறது, எந்த வேலையில் நிற்கிறது, எதைச் சோதித்து என்ன வந்தது. "என்னைக் கேட்காமல் ஃபார்மட் செய்ய வேண்டாம்" என்பதை மேலே முதல் வரியாகப் பெரிதாக எழுதுங்கள்.