லூபெரோன் மலைச் சாலைகளில் சைக்கிள் பயணம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

தெற்குப் பிரான்சின் புரொவான்ஸ் பகுதியில், கவயோன் நகருக்குக் கிழக்கே நீண்டு கிடக்கும் லூபெரோன் மலைத்தொடர் உயரத்தைக் காட்டி மிரட்டுவதில்லை. அதன் உச்சியே 1,125 மீட்டர்தான். 1977இல் வட்டார இயற்கைப் பூங்காவாக்கப்பட்ட இந்நிலத்தில், திராட்சைத் தோட்டங்களுக்கும் செர்ரித் தோப்புகளுக்கும் நடுவே ஒரே ஒரு கார் போகும் அளவுக்கே அகலமுள்ள தார்ச்சாலைகள் ஏராளமாக இருக்கின்றன. மூட்டை முடிச்சுகளைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு ஊர் ஊராகச் செல்ல விரும்புவோர்க்கு இதைவிட ஏற்ற இடம் அரிது. அப்படியிருந்தும், அமைதியை நாடி வந்தவர்கள் லாரிகளுக்கு நடுவே சிக்கிக்கொள்வதும், ஐம்பது கிலோமீட்டர்தானே என்று மெத்தனமாகக் கிளம்பி இருட்டிய பிறகு விடுதி போய்ச் சேர்வதும் வாடிக்கையாக நடக்கின்றன. எந்தச் சாலை, எந்த நேரம், எத்தனை மீட்டர் ஏற்றம் என்னும் மூன்றையும் முன்கூட்டியே பார்க்காததுதான் பெரும்பாலான சங்கடங்களுக்குக் காரணம்.

தவறுகளில் தலையாயது, ஒரு நாள் பயணத்தைக் கிலோமீட்டரில் மட்டும் அளப்பது. ஓட்டுபவரின் எடை, சைக்கிளின் எடை, பைகளின் எடை எல்லாம் சேர்ந்து 105 கிலோ என்று வைத்துக்கொள்வோம். ஓரளவு பழக்கமுள்ளவர் நாள் முழுவதும் களைப்பின்றித் தரக்கூடிய 100 வாட் சக்தியைக் கொண்டு இந்த எடையை மேலே தூக்கினால், உராய்வே இல்லாவிட்டாலும் மணிக்கு 350 மீட்டர் உயரம்தான் ஏற முடியும். நடைமுறையில் 300 மீட்டர் என்று கொள்வதே சரி. ஆக, 900 மீட்டர் ஏற்றமுள்ள 55 கிலோமீட்டர் வழியில் ஏறுவதற்கு மட்டுமே மூன்று மணி நேரம் வேண்டும். சமதளத்துக்கும் இறக்கத்துக்கும் இரண்டு மணி நேரத்தைச் சேர்த்தால், சாப்பாடும் ஓய்வும் நீங்கலாகவே ஐந்து மணி நேரம் இருக்கையில் கழியும். கடற்கரைச் சாலையில் ஒரே நாளில் நூறு கிலோமீட்டர் ஓட்டிய அனுபவம் இங்கே எதற்கும் அளவுகோல் ஆகாது.

இங்கே ஏற்றம் எளிதில் கண்ணுக்குப் படாமல் சேர்ந்துகொண்டே போவதற்கு ஊர்களின் அமைப்பும் ஒரு காரணம். பொன்னியூ, லகோஸ்த், மெனெர்ப், கோர்த் முதலிய பழைய ஊர்கள் யாவும் பாதுகாப்புக் கருதிக் குன்றின் தலையிலும் தோளிலும் கட்டப்பட்டவை. பள்ளத்தாக்கில் நிற்பவர் பொன்னியூவுக்குப் போய்ச் சேர 200 மீட்டருக்கு மேல் ஏறியாக வேண்டும். ஒரு காப்பி குடிக்க ஏறி, இறங்கி, அடுத்த ஊரில் ரொட்டி வாங்க மீண்டும் ஏறினால், பெரிய கணவாய் எதையும் கடக்காமலே அன்றைய கணக்கு ஆயிரம் மீட்டரைத் தொட்டுவிடும். ஒரு நாளுக்கு இரண்டு குன்றூர்கள் போதும் என்பது என் கருத்து. மற்றவற்றைக் கீழேயிருந்து பார்ப்பதிலும் குறையொன்றுமில்லை. சொல்லப்போனால், கோர்த் நகரின் அழகு அதற்கு வெளியே நின்று பார்க்கும்போதுதான் முழுமையாகத் தெரிகிறது.

கியர் விஷயத்திலும் இதே கணக்குதான். வாடகைக்குக் கிடைக்கும் பந்தய வகைச் சைக்கிள்களில் முன்பக்கச் சிறிய பல்சக்கரத்தில் 34 பற்களும், பின்பக்கப் பெரியதில் 34 பற்களும் இருந்தால், அது பையில்லாமல் ஓட்டுபவருக்குப் போதும். மேலே சொன்ன எடையோடு ஐந்து சதவீத ஏற்றத்தில் மணிக்கு ஆறு கிலோமீட்டர் வேகத்தில் ஏறுபவருக்கு, அந்தக் கியரில் கால்கள் ஒரு நிமிடத்துக்கு 47 சுற்றுதான் சுற்றும். முழங்கால் அன்றைக்கே முறையிடாவிட்டாலும் மூன்றாம் நாள் முறையிடும். முன்பக்கம் 28 பற்கள் இருந்தால் அதே வேகத்தில் அறுபது சுற்றுக்கு அருகில் வரலாம். சைக்கிளை எடுக்கும்போது அதன் நிறத்தையும் நிறுவனத்தையும் பார்ப்பவர்கள் பற்களை எண்ணிப் பார்ப்பதில்லை.

அடுத்தது சாலைத் தேர்வு. கவயோன் பக்கத்திலிருந்து ஆப்த் நகருக்குச் செல்லும் டி900 நெடுஞ்சாலை நேரானது, மேடு பள்ளம் குறைந்தது. வரைபடத்தில் பார்க்கும்போது அதுவே இயல்பான வழியாகத் தோன்றும். லாரிகளும் அவசரக்காரர்களும் அதில்தான் போகிறார்கள். அதே பள்ளத்தாக்கில், கைவிடப்பட்ட ரயில் பாதையின் மேல் அமைக்கப்பட்ட கலவோன் மிதிவண்டிப் பாதை, கார்களின் தொல்லையின்றி ஆப்த் வரைக்கும் அதற்கு அப்பாலும் செல்கிறது. ரயிலுக்காகப் போடப்பட்ட தடமாதலால் ஏற்றம் மிக மெல்லியது. வழியில், கி.மு. 3ஆம் ஆண்டில் ரோமானியர்கள் கட்டிய ழூலியன் பாலம் மூன்று வளைவுகளோடு நிற்கிறது. அதன்மேல் 2005 வரை கார்களும் ஓடிக்கொண்டிருந்தன. பக்கத்தில் புதுப் பாலம் கட்டிய பிறகே அதற்கு ஓய்வு கிடைத்தது.

பலரும் ஏமாறும் இன்னோர் இடம் லூர்மரான் மலையிடுக்கு. சிறிய லூபெரோன், பெரிய லூபெரோன் என்று மலையை இரண்டாகப் பிளக்கும் இந்த இடுக்கின் வழியாக டி943 சாலை வடக்கிலிருந்து தெற்கே இறங்குகிறது. சைக்கிளில் செல்வோரின் படங்களில் இது மிக அழகாகத் தெரியும். ஆனால் மலையின் இருபுறத்துப் போக்குவரத்தும் இந்த ஒரே வாயில் வழியாகப் புகுந்து வருவதாலும், ஒரு பக்கம் பாறைச் சுவராக இருந்து ஒதுங்க இடமில்லாத வளைவுகள் பல இருப்பதாலும், முற்பகலில் இங்கு ஓட்டுவது இனிமையான அனுபவமாக இருக்காது. வெள்ளிக்கிழமைகளில் லூர்மரானில் சந்தை கூடும் என்பதால் நிலைமை இன்னும் மோசம். காலை எட்டு மணிக்கு முன் கடந்துவிடுவது ஒரு வழி. மலையின் இருபுறமும் சுற்றி, கவயோனையும் ஃபோர்கல்கியேயையும் இணைக்கும் 230 கிலோமீட்டருக்கும் கூடுதலான அடையாளமிட்ட சுற்றுப் பாதையைப் பின்பற்றுவது மற்றொரு வழி. நேரமிருந்தால் இரண்டாவதே மேல். பொன்னியூ, பியூக்ஸ், சாய்ஞோன் ஆகிய ஊர்களுக்கு இடையே உள்ள கிளப்பரேத் மேட்டுநிலத்தையும் சேர்த்துக்கொண்டால், லாவண்டர் வயல்களையும் சாந்தில்லாமல் கல் அடுக்கிக் கட்டிய பழைய குடில்களையும் ஏறக்குறைய தனியாகவே பார்க்கலாம்.

கைபேசிச் செயலி சொல்லும் வழியை அப்படியே நம்புவதும் இந்த வகையைச் சேர்ந்த தவறுதான். செயலிக்குத் தூரம் தெரியும், கருங்கல் ஜல்லி தெரியாது. தீயணைப்பு வண்டிகளுக்காகக் காட்டுக்குள் வெட்டிய மண்பாதையைக்கூடச் சாலை என்று காட்டிவிடும். உயரக்கோடுகள் உள்ள அச்சு வரைபடம் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு முந்திய இரவே சரிபார்ப்பது நல்லது.

லாவண்டர் பூத்திருக்கும் படத்தைப் பார்த்துவிட்டு ஜூலைக்கு விடுப்பு எடுப்பவர்கள் மூன்று விலைகளைக் கொடுக்கிறார்கள்: வெயில், கார்க் கூட்டம், விடுதிக் கட்டணம். பூவைப் பார்த்தே ஆக வேண்டுமென்றால் ஜூன் கடைசி வாரத்தில் வந்து, விடியலில் கிளம்பி, பதினொரு மணிக்குள் ஓட்டத்தை முடித்துவிட வேண்டும். பூவை விட்டுக்கொடுப்பவர்களுக்கு மே மாதமும் செப்டம்பரின் பிற்பகுதியும் காத்திருக்கின்றன. ஊர்ச் சந்தைகளின் கிழமைகளையும் குறித்துக்கொள்ள வேண்டும்: கோர்த்தில் செவ்வாய், சோவில் புதன், ஆப்தில் சனி. சந்தைக்குப் போக விரும்பினாலும் ஒதுங்க விரும்பினாலும் இந்தத் தகவல் பயன்படும்.

வானம் துடைத்துவிட்டதுபோல் நீலமாக, மேகத்தின் சுவடே இல்லாமல் இருக்கும் நாளில்தான் மிஸ்ட்ரல் காற்று முழு மூச்சோடு வீசும். ரோன் பள்ளத்தாக்கின் வழியாக வடமேற்கிலிருந்து இறங்கும் இந்தக் காற்று சில நேரங்களில் மணிக்கு 90 கிலோமீட்டரையும் தாண்டும். தொடங்கினால் ஓரிரு நாள் நீடிக்கும். ஆப்திலிருந்து கவயோனுக்கு, அதாவது மேற்கு நோக்கிச் செல்பவர், சமதளத்திலும் ஏற்றத்தில் ஓட்டுவதைப் போலவே மிதிக்க வேண்டியிருக்கும். காற்று முன்னறிவிப்பைப் பார்த்து, எதிர்க்காற்றில் போக வேண்டிய பகுதியைக் காலையிலேயே முடித்துவிடும்படி திசையை அமைத்துக்கொள்வது புத்திசாலித்தனம். வடக்கே 1,900 மீட்டருக்கு மேல் நிற்கும் வான்தூ மலையின் உச்சிக்குப் போகும் எண்ணமிருந்தால், மிஸ்ட்ரல் நாளில் அதைக் கைவிடுவதே முறை. உச்சிக்குச் சற்றுக் கீழே உள்ள கணவாய்க்குப் புயல்களின் பெயரை வைத்திருப்பது அலங்காரத்துக்காக அல்ல.

தண்ணீரையும் சாப்பாட்டையும் பற்றி நம்மவர்கள் சற்று அசட்டையாக இருப்பதுண்டு, ஏனெனில் நம் ஊரில் பத்து நிமிடத்துக்கு ஒரு டீக்கடை வந்துவிடும். அங்கே நண்பகல் பன்னிரண்டரைக்கு மூடும் சிற்றூர்க் கடை மூன்று மணிக்கு மேல்தான் திறக்கும். ஞாயிறு பிற்பகலும் திங்கட்கிழமையும் பல கடைகள் திறப்பதே இல்லை. நெஸ்க் ஆற்றின் பள்ளத்தை ஒட்டிச் செல்லும் டி942 சாலை இப்பகுதியின் மிக அமைதியான, மிக மென்மையான ஏற்றங்களில் ஒன்று. ஆனால் ஏறக்குறைய இருபது கிலோமீட்டருக்கு அதில் கடையுமில்லை, குழாயுமில்லை. வேனிற்காலத்தில் இரண்டு பெரிய பாட்டில்கள் இல்லாமல் அதற்குள் நுழையக் கூடாது. ஊர்ச் சதுக்கத்து நீரூற்றில் குடிக்கத் தகாதது என்ற பலகை இருந்தால் அதை மதிக்க வேண்டும். எதுவும் கிடைக்காதபோது கல்லறைத் தோட்டத்தைத் தேடிப் போகலாம். பூச்செடிகளுக்கு நீர் ஊற்றுவதற்காக அங்கே பெரும்பாலும் குழாய் இருக்கும். பிரான்சில் நெடுந்தூரம் ஓட்டுபவர்கள் கூச்சமின்றிச் செய்யும் காரியம் இது.

வலப்பக்கமாக ஓட்ட வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரிந்ததே. தெரியாமல் போவது பிரேக் பிடிகள் மாறியிருப்பது. நம் ஊரில் பெரும்பாலும் வலக்கைப் பிடி முன்சக்கரத்தை நிறுத்தும். அங்கே வாடகைச் சைக்கிள்களில் இடக்கைப் பிடிதான் முன்சக்கரத்துக்கு. பின்பிரேக் என்று நினைத்து இடக்கையை இறுக்கினால் இறக்கத்தில் தூக்கி எறியப்படுவீர்கள். ஆகவே முதல் அரைமணி நேரத்தைக் காலியான இடத்தில் பழகுவதற்கே ஒதுக்க வேண்டும். ஊருக்குள், பலகை ஏதும் இல்லாத சந்திப்பில், வலப்பக்கத்துச் சந்திலிருந்து வரும் வண்டிக்கே முன்னுரிமை என்பதையும் மறக்கக் கூடாது. இருட்டிலோ மூடுபனியிலோ ஊருக்கு வெளியே ஓட்டுபவர் ஒளிரும் மேற்சட்டை அணிவது 2008 முதல் அங்கே சட்டம்.

பொன்னியூவுக்கு மேலே, 1861இல் தொடங்கி அட்லஸ் மலை விதைகளிலிருந்து வளர்க்கப்பட்ட தேவதாருக் காடு ஒன்று உண்டு. அதன் ஊடாகக் கார் நுழையாத சாலை செல்கிறது. கோடையில் காட்டுத்தீ அபாயம் மிகும் நாட்களில் இத்தகைய காடுகளுக்குள் செல்லத் தடை விதிக்கப்படும்; மறுநாளுக்கான அபாய வரைபடத்தை மாவட்ட நிர்வாகம் முந்திய மாலையே வெளியிடுகிறது. அதைப் பார்க்காமல் ஏறிச் சென்று, தடுப்புக் கம்பியைக் கண்டு திரும்பி இறங்க நேர்ந்தால் அரைநாள் வீண். இலையுதிர்காலத்தில் வருவோர், காட்டுப்பன்றி வேட்டை நடப்பதாக அறிவிக்கும் பலகையைக் கண்டால் காட்டுப்பாதையை விட்டுத் தார்ச்சாலைக்கு வந்துவிட வேண்டும்.

ஊர் திரும்பும் நாளுக்கும் ஒரு குறிப்பு: ஆப்தில் ரயில் நிலையம் இயங்குவதில்லை, அந்தத் தடத்தில்தான் இப்போது சைக்கிள்கள் ஓடுகின்றன. கடைசி இரவைக் கவயோனில் வைத்துக்கொண்டால், அங்கிருந்து அவிஞோனுக்கு வட்டார ரயிலில் சைக்கிளைக் கட்டணமின்றி ஏற்றிக்கொள்ளலாம். இடம் குறைவு என்பதால், கூட்டம் சேராத காலை நேர ரயிலாகப் பார்த்துக்கொள்வது நல்லது.