கோடைப் பயிரில் மரப்புறா சுடுதல்: இங்கிலாந்துப் பண்ணைகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஜூன் இறுதியில் தொடங்கி செப்டம்பர் வரை இங்கிலாந்தின் பயிர் நிலங்களில் மரப்புறாக்கள் கூட்டங்கூட்டமாக இறங்குகின்றன. முதலில் பட்டாணி, அடுத்து மழையிலும் காற்றிலும் சாய்ந்த பார்லியும் கோதுமையும், பிறகு அறுவடை முடிந்த தாள் நிலம் என்று அவற்றின் மேய்ச்சல் நகர்ந்துகொண்டே போகும். பிரிட்டனில் ஏறத்தாழ ஐம்பது லட்சம் இணைகள் கூடு கட்டுவதாக மதிப்பிடப்படுகிறது. வளர்ந்த பறவை ஒன்றின் எடை சுமார் அரைக் கிலோ. இத்தகைய கூட்டம் ஒரு பட்டாணி வயலில் சில நாட்கள் தொடர்ந்து இறங்கினால் விவசாயிக்கு என்ன மிஞ்சும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. அதனால்தான் பண்ணைக்காரர்கள் துப்பாக்கி வைத்திருப்பவர்களைத் தங்கள் நிலத்துக்குள் அனுமதிக்கிறார்கள். அப்படி வருபவர்களில் பலர், பகல் நீளமானது, மழை இல்லை, பறவைக்குப் பஞ்சமில்லை என்பதால் கோடையே எளிதான பருவம் என்று எண்ணிவிடுகிறார்கள். உண்மை வேறு. கோடையில் இரை எங்கும் கிடக்கிறது. எனவே ஒரு வயலில் தொந்தரவு ஏற்பட்டால் புறா யோசிக்காமல் அடுத்த வயலுக்குப் போய்விடும்.

முதல் தவறு துப்பாக்கியைத் தொடுவதற்கு முன்பே நிகழ்கிறது. மரப்புறாவை யார் வேண்டுமானாலும், எப்போது வேண்டுமானாலும் சுடலாம் என்ற நம்பிக்கை கிராமப்புறங்களில் இன்னும் இருக்கிறது. 1981ஆம் ஆண்டின் வனவிலங்கு மற்றும் நாட்டுப்புறச் சட்டப்படி எல்லாக் காட்டுப் பறவைகளும் பாதுகாக்கப்பட்டவையே. பொது உரிமம் என்ற விதிவிலக்கின் கீழ்தான் மரப்புறாவைச் சுட முடிகிறது. 2019 ஏப்ரலில், வைல்ட் ஜஸ்டிஸ் என்ற அமைப்பு சட்ட வழியில் கேள்வி எழுப்பியதை அடுத்து, இங்கிலாந்து அரசின் இயற்கைப் பாதுகாப்பு அமைப்பான நேச்சுரல் இங்கிலாந்து அன்றிருந்த பொது உரிமங்களைத் திரும்பப் பெற்றது. விதைப்புப் பருவத்தில் விவசாயிகள் திகைத்து நின்றார்கள். இப்போது இங்கிலாந்தில் பயிர்ச் சேதத்தைத் தடுப்பதற்கு உரியது ஜிஎல்42 என்ற உரிமம். அதற்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டியதில்லை. ஆனால் அதன் நிபந்தனைகளைப் படித்து அவற்றுக்கு உட்பட்டு நடப்பது சுடுபவரின் பொறுப்பு. நிபந்தனைகள் மாறக்கூடியவை என்பதால் நடப்பு ஆண்டின் பதிப்பைத்தான் படிக்க வேண்டும். ஸ்காட்லாந்துக்கும் வேல்ஸுக்கும் வெவ்வேறு உரிமங்கள் உண்டு.

அந்த உரிமத்தின் மையம் ஒரே ஒரு காரணம்தான்: பயிருக்கு நேரும் கடுமையான சேதத்தைத் தடுப்பது. பொழுதுபோக்கு அதில் ஒரு காரணமாக இடம்பெறவில்லை. வெடியோசையால் விரட்டும் வாயு வெடி, பட்டம், சோளக்கொல்லைப் பொம்மை போன்ற, உயிர் பறிக்காத வழிகளை முயன்று பார்த்திருக்க வேண்டும். சுடும் காலத்திலும் அவற்றைக் கைவிடக் கூடாது. இங்கேதான் தாள் நிலத்தைப் பற்றிய குழப்பம் எழுகிறது. அறுவடை இயந்திரம் சிந்திவிட்டுப் போன தானியத்தைப் புறா பொறுக்குவதால் விவசாயிக்கு இழப்பு எதுவும் இல்லை. ஆகவே தாள் நிலத்தில் அமர்பவர், அருகிலுள்ள எந்தப் பயிரை, எந்த வயலை அந்தப் பறவைகளிடமிருந்து காக்கிறோம் என்று கேட்டால் பதில் சொல்லக்கூடியவராக இருக்க வேண்டும். வேலிக்கு அப்பால் முற்றிய கோதுமை நிற்கிறது என்றால் அது பதில். இங்கே நிறையப் பறவைகள் வந்தன என்பது பதிலாகாது. மரப்புறாக்கள் கூடு கட்டிக் குஞ்சு வளர்க்கும் உச்சகாலமும் இந்த மாதங்களில்தான் வருகிறது என்பதையும் சேர்த்து நினைத்தால், தேவைக்கு மேல் ஒரு பறவையைக்கூட வீழ்த்த நியாயம் இல்லை என்பதே என் கருத்து.

அடுத்தது அடையாளம் காண்பதில் நேரும் தவறு. கோடையில் இது பெருகுகிறது. வளர்ந்த மரப்புறாவின் கழுத்தில் வெள்ளைத் திட்டு இருக்கும் என்று எல்லாருக்கும் தெரியும். ஆனால் அந்த ஆண்டு பொரித்த இளம் பறவைக்கு அது இருக்காது. அதனால் கழுத்தைப் பார்த்து முடிவெடுக்கப் பழகியவர், வெள்ளை இல்லாத பறவைகளையும் இளம் மரப்புறா என்று எண்ணிச் சுடத் தொடங்குகிறார். அந்தக் கூட்டத்தில்தான் ஸ்டாக் டவ் என்ற பறவையும் பறந்து வரும். அது ஜிஎல்42இல் இல்லை. அதைச் சுடுவது குற்றம். பார்க்க வேண்டிய இடம் கழுத்தல்ல, இறக்கை. எந்த வயது மரப்புறாவானாலும் பறக்கும்போது இறக்கையின் குறுக்கே வெள்ளைப் பட்டை தெளிவாகத் தெரியும். ஸ்டாக் டவ்வுக்கு அந்தப் பட்டை கிடையாது. உருவமும் சிறியது, இறக்கையடிப்பும் வேகமானது. பந்தயப் புறாக்கள் இன்னொரு சிக்கல். கோடை அவற்றின் பந்தயக் காலம். அவை ஒருவருடைய உடைமை. இறக்கையில் வெள்ளைப் பட்டை தெரியாவிட்டால் துப்பாக்கியை உயர்த்துவதில்லை என்று வைத்துக்கொண்டால் இரண்டு சிக்கலும் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

இனி, ஒரு நாளை வீணாக்குவதில் எல்லாவற்றையும் மிஞ்சும் தவறு: முன்கூட்டியே பார்த்துவராமல் நேரே வயலில் போய் அமர்வது. ஹாம்ப்ஷயரில் பயிர்க் காவலையே தொழிலாகக் கொண்டிருந்த ஆர்ச்சி கோட்ஸ் 1962இல் ஒரே நாளில் 550 புறாக்களைச் சுட்டார் என்பதைப் புதியவர்கள் வியந்து பேசுவார்கள். அந்த எண்ணிக்கையைப் பிடித்துக்கொள்வதைவிட, அவரைப் போன்றவர்கள் சுடுவதற்கு முன் தொலைநோக்கியோடு எவ்வளவு நேரம் செலவிட்டார்கள் என்பதைப் பிடித்துக்கொள்வது பயனுள்ளது. புறாக்கள் தங்கும் மரக்கூட்டத்திலிருந்து மேயும் இடத்துக்கு ஏறக்குறைய ஒரே வழியில் பறக்கும். ஒரு வரிசை மரம், ஒரு பள்ளம், ஒரு வேலி என்று நிலத்தின் அமைப்பைப் பற்றிக்கொண்டே வரும். அந்தப் பறவைத்தடத்தையும், நாற்பது ஏக்கர் வயலில் அவை உண்மையில் இறங்குகிற அந்த ஒரு மூலையையும் முந்தின நாளே, அதே பொழுதில் கண்டுவைக்க வேண்டும். வயல் சரியாக இருந்தும் நூறு மீட்டர் தள்ளி அமர்ந்ததால் வெறுங்கையோடு திரும்புவோர் ஏராளம். காற்றில்லாத, வெயில் கொளுத்தும் நாளில் பறவைகள் காலையிலும் மாலையிலும் மேய்ந்துவிட்டு, நடுப்பகலை மர நிழலில் கழிக்கும். அன்று பதினொரு மணிக்கு, ஒளிந்து அமர்வதற்கான மறைப்பு வலையைக் கட்டத் தொடங்குபவர் அந்த இடைவேளையைத்தான் காவல் காப்பார்.

மறைவிடம் அமைப்பதில் பெரும்பாலோர் வலையின் நிறத்தைப் பற்றி அதிகமாகவும், பின்னணியைப் பற்றிக் குறைவாகவும் கவலைப்படுகிறார்கள். வெளிறிய பார்லியின் முன்னால் கரும்பச்சை வலை ஒரு கறுத்த பெட்டியாகத் தெரியும். வேலியையோ மரத்தின் நிழலையோ முதுகுக்குக் கொடுத்து, அங்கேயே கிடக்கும் புல்லையும் தழையையும் வலையில் செருகினால் போதும். அதற்காக உயிர்வேலியை வெட்டத் தேவையில்லை. அதில் இன்னும் கூடுகள் இருக்கும். புறாவின் கண்கள் தலையின் இரு பக்கத்திலும் இருப்பதால் அதன் பார்வைப் பரப்பு மிக அகலம். அசைவுதான் அதை விரட்டுகிறது. வெயிலில் மின்னும் முகமும் வெறுங்கையும், பறவை இன்னும் தொலைவில் இருக்கும்போதே எழுந்து நிற்பதும் எவ்வளவு நல்ல வலையையும் பயனற்றதாக்கிவிடும்.

பறவைகளை ஈர்ப்பதற்காக வைக்கும் பார்வைப் புறாக்களில், அதாவது புறா பொம்மைகளில், நேரும் பிழைகளைத் தனியே பார்க்க வேண்டும். புறா காற்றை எதிர்த்துத்தான் இறங்கும். ஆகவே காற்று நம் முதுகுப் பக்கமிருந்தோ பக்கவாட்டிலிருந்தோ வீசும்படி அமர்ந்து, பொம்மைகளைக் குதிரை லாட வடிவில் பரப்பி, அதன் திறந்த வாய் காற்று போகும் திசையை நோக்கும்படி விட வேண்டும். வருகிற பறவை அந்த இடைவெளியில் இறங்கப் பார்க்கும். அது மறைவிடத்திலிருந்து இருபது, இருபத்தைந்து மீட்டருக்குள் இருக்க வேண்டும். பொம்மைகளை நெருக்கமாகவோ, அணிவகுப்பு போல எல்லாம் ஒரே திசை பார்க்கவோ வைத்தால் அச்சத்தில் ஒடுங்கிய கூட்டம் போலத் தோன்றும். கோடைக்கே உரிய இரண்டு பிழைகள் உண்டு. ஒன்று, வழவழப்பான பிளாஸ்டிக் பொம்மைகள் வெயிலில் பளபளத்துப் பறவையை மிரட்டுவது. மற்றொன்று, சாய்ந்த பயிரின் நடுவே பொம்மைகளைத் தரையில் வைப்பது. கதிர்களுக்குள் மூழ்கிப்போன பொம்மை மேலிருந்து கண்ணுக்குப் படாது. அவற்றைக் குச்சிகளில் பயிர்மட்டத்துக்கு மேல் உயர்த்த வேண்டும். பார்வைப் புறாக்களை மோட்டாரால் சுழற்றும் கருவியைக் கண்டு பறவைகள் விலகிப்போனால், விலை கொடுத்து வாங்கிவிட்டோமே என்று அதை விடாமல் சுழற்றிக்கொண்டிருக்காமல் கழற்றி வைப்பதே மேல்.

தூரம் பற்றிய தவறு பறவைக்கு வதையாக முடிகிறது. பெரும்பாலோருக்கு முப்பத்தைந்து மீட்டருக்கு அப்பால் ரவைத் துப்பாக்கியால் உறுதியாகக் கொல்ல முடியாது, காயப்படுத்தத்தான் முடியும். கடைசி பொம்மையை அந்த எல்லையில் வைத்து, அதைத் தாண்டிய பறவையை விட்டுவிடுவது எளிய வழி. ஈய ரவையைத் தடை செய்யப்போவதாக அரசு 2025இல் அறிவித்துவிட்டதால் பலர் எஃகு ரவைக்கு மாறிவருகிறார்கள். எஃகு எடை குறைந்தது. எனவே ஈயத்தில் 6ஆம் எண் பயன்படுத்தியவர் எஃகில் அதைவிடப் பெரிய ரவையான 4ஆம் எண்ணுக்குப் போக வேண்டும். தோட்டாவின் உள்ளிருந்து வயலில் விழும் பிளாஸ்டிக் அடைப்பு மக்காது. மக்கும் அடைப்புள்ள தோட்டாவைத்தான் பண்ணைக்காரர் எதிர்பார்ப்பார். நிற்கும் பயிருக்குள் காயம்பட்டு விழுந்த பறவையை உடனே தேட வேண்டும். ஆனால் பயிரை மிதித்து உழக்கிக்கொண்டு ஓடினால், காக்க வந்த பயிரை நாமே அழித்ததாகும். பயிருக்குள் விழக்கூடிய கோணத்தில் சுடாமல் தவிர்ப்பதே முதல் தீர்வு. பழக்கிய நாய் இரண்டாவது.

பாதுகாப்பைப் பொறுத்தவரை கோடையில் பொதுநடைபாதைகளில் ஆட்கள் அதிகம். உயரமாக நிற்கும் பயிர் அவர்களை மறைத்துவிடும். குறிவைக்கும் பறவைக்குப் பின்னால் வானம் தெரியாவிட்டால் சுடக் கூடாது. ஒரே மறைவிடத்தில் இருவர் இருந்தால் ஒரு நேரத்தில் ஒருவர் மட்டுமே சுட வேண்டும். காய்ந்த பார்லிக்கு நடுவே சிகரெட்டும் தேநீர் அடுப்பும் வேண்டாம்; லிங்கன்ஷயரின் கோனிங்ஸ்பியில் வெப்பம் 40.3 டிகிரியைத் தொட்ட 2022 ஜூலையில் வயல்கள் எவ்வளவு விரைவாகப் பற்றி எரிந்தன என்பதைப் பண்ணைக்காரர்கள் மறக்கவில்லை.

வெப்பம் நாயையும் இறைச்சியையும் நம்மைவிட விரைவாகத் தாக்கும். லாப்ரடாரோ ஸ்பானியலோ தாகத்தைச் சொல்லாது. சொன்ன வேலையைச் செய்துகொண்டே மயங்கி விழும். நிழலும் இருவருக்கும் போதுமான தண்ணீரும் இல்லையென்றால் அதை வீட்டிலேயே விட்டுவர வேண்டும். மாலையில் அதன் காதுகளையும் விரலிடுக்குகளையும் பார்த்து, குத்தியிருக்கும் பார்லிக் கதிரின் கூரிய முள்மயிர்களை எடுக்க வேண்டும். விட்டால் அவை உள்நோக்கியே நகரும்.

சுட்ட பறவைகளைப் பிளாஸ்டிக் சாக்கில் போட்டுக் கட்டி வைப்பது கோடையில் இறைச்சியைக் குப்பையில் போடுவதற்குச் சமம். சூடு தணியாத உடல்கள் ஒன்றையொன்று அவித்துவிடும். ஈக்கள் சிறிது நேரத்திலேயே முட்டையிட்டுவிடும். ஈ நுழையாத வலைப்பையில், நிழலில், காற்றுப்படத் தனித்தனியாகத் தொங்கவிட்டு, தானியம் நிரம்பிப் புளிக்கத் தொடங்கும் தீனிப்பையை விரைவில் நீக்கி, அன்றே குளிர்ப்பெட்டிக்குக் கொண்டுபோக வேண்டும். சுட்டபின் பொம்மைகளோடு பார்வையாக வெயிலில் பரப்பி வைத்த பறவைகளை இறைச்சிக்கு எண்ண வேண்டாம். தொண்டையில் மஞ்சள் நிறப் பாலாடை போன்ற படிவம் இருந்தால் அது டிரைக்கோமோனாஸ் நோய்; அத்தகைய பறவையை உண்ணவோ விற்கவோ கூடாது. வெற்றுத் தோட்டாக்களையும் இறகுகளையும் பொறுக்கிய பிறகு, கலைந்த கூட்டம் எந்தத் திசைக்குப் போய் எந்த வயலில் இறங்கியது என்று பண்ணைக்காரரிடம் சொல்லிவிட்டு வர வேண்டும். மறுநாள் காலை வாயு வெடியை அவர் அங்கே நகர்த்த வேண்டியிருக்கும்.