வெர்செய்ல்ஸ் உடன்படிக்கையைப் படிக்கும்போது நாம் செய்யும் தவறுகள்

முதல் உலகப் போரில் வென்ற நேச நாடுகள், தோற்ற ஜெர்மனிக்கான வெர்செய்ல்ஸ் உடன்படிக்கையை வகுத்த 1919 பாரிஸ் அமைதி மாநாடு என்றதும் மூன்று முகங்கள் வந்து நிற்கும்: பழிவாங்கத் துடித்த பிரான்ஸின் கிளமென்சோ, லட்சியவாதியான அமெரிக்காவின் வில்சன், இருவருக்கும் நடுவே சமரசம் பேசிய பிரிட்டனின் லாயிட் ஜார்ஜ். பல ஆண்டுகள் நானும் மாணவர்களுக்கு இப்படித்தான் சொல்லிக்கொடுத்தேன். ஒரு நாட்டின் தேவையைத் தலைவரின் குணமாகச் சுருக்குவதுதான் இதிலுள்ள முதல் தவறு.

பிரான்ஸையே பாருங்கள். 44 ஆண்டு இடைவெளியில் இரண்டு முறை ஜெர்மன் படை உள்ளே புகுந்த நாடு அது. இந்தப் போரில் மட்டும் 13 லட்சத்துக்கும் மேற்பட்ட வீரர்களை இழந்திருந்தது. வடகிழக்கில் ஊர்களும் சுரங்கங்களும் நாசமாகிக் கிடந்தன. தோற்ற ஜெர்மனியிலோ தொழிற்சாலைகள் பெரும்பாலும் அப்படியே நின்றன; மக்கள்தொகையும் பிரான்ஸைவிட மிக அதிகம். அதனால்தான் பிரெஞ்சுத் தளபதி ஃபோஷ், ரைன் நதியையே ராணுவ எல்லையாக்கக் கேட்டார். வில்சனும் லாயிட் ஜார்ஜும் மறுத்தார்கள். அதற்கு ஈடாக, ஜெர்மனி மீண்டும் தாக்கினால் இரு நாடுகளும் துணைக்கு வரும் என்று வாக்குக் கொடுத்தார்கள். அதை நம்பித்தான் கிளமென்சோ இறங்கிவந்தார். ரைன் பகுதியில் 15 ஆண்டு நேச நாட்டுப் படைகளின் இருப்பும் அங்கே ஜெர்மன் படை கூடாது என்ற விதியும் போதும் என்று ஏற்றார். பிறகு அமெரிக்க செனட் உடன்படிக்கையையே நிராகரித்தது. அமெரிக்கா வந்தால்தான் தனக்கும் கடமை என்று பிரிட்டன் எழுதிவைத்திருந்ததால் அந்த வாக்கும் போயிற்று. 1923இல் பிரெஞ்சுப் படை ஜெர்மனியின் தொழில் மையமான ரூர் பகுதிக்குள் நுழைந்ததைப் படிக்கும்போது இந்த ஏமாற்றத்தையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

பிரிட்டனை நடுநிலையாளர் என்று எழுதுவதும் தவறு. மாநாடு தொடங்கும் முன்பே ஜெர்மன் போர்க்கப்பல்கள் ஸ்காட்லாந்தின் ஸ்காபா ஃப்ளோ கடற்படைத் தளத்தில் அதன் காவலில் இருந்தன; ஜெர்மன் காலனிகளும் நேச நாடுகளின் கையில். வேண்டியது பெரும்பாலும் கிடைத்துவிட்ட நாட்டுக்கு மிதவாதம் பேசுவது எளிது. கடுமையான சமாதானம் ஆபத்து என்று 1919 மார்ச்சில் குறிப்பு எழுதிய அதே லாயிட் ஜார்ஜ்தான், போர் விதவைகளின் ஓய்வூதியத்தையும் ஜெர்மனி தர வேண்டிய இழப்பீட்டில் சேர்க்கச் சொன்னார். இடிந்த வீடுகளை மட்டும் கணக்கெடுத்தால் பிரான்ஸுக்கே பெரும்பங்கு போய்விடும் அல்லவா?

இழப்பீட்டுத் தொகையில் தேர்வுத்தாள்தோறும் ஒரு பிழை வரும். வெர்செய்ல்ஸ் உடன்படிக்கை 13,200 கோடி தங்க மார்க் விதித்தது என்பார்கள். 1919இல் மொத்தத் தொகையே எழுதப்படவில்லை. அது 1921இல்தான் முடிவானது. அதிலும் 8,200 கோடி, வசூலாகும் என்று யாரும் பெரிதாக எதிர்பார்க்காத பத்திரங்களாக ஒதுக்கப்பட்டது. நேச நாட்டுத் தலைவர்களுக்குத் தம் மக்களிடம் பெரிய எண்ணைக் காட்ட வேண்டியிருந்தது. போர்க் குற்றத்தை ஜெர்மனி மீது சுமத்தியதாகச் சொல்லப்படும் 231ஆம் பிரிவிலும் ‘குற்றம்’ என்ற சொல்லே கிடையாது. ‘பொறுப்பு’ என்றுதான் இருக்கிறது. ஆஸ்திரியா, ஹங்கேரி உடன்படிக்கைகளிலும் இதே போன்ற வாசகம் உண்டு.

ஐரோப்பாவோடு நிறுத்திக்கொள்வதுதான் என்னை அதிகம் வருத்தும் தவறு. புதிதாக உருவாகவிருந்த உலக அமைப்பான நாடுகளின் சங்கத்தின் விதிகளில் இன சமத்துவத்தைச் சேர்க்க வேண்டும் என்று ஜப்பான் கேட்டது. ஏப்ரல் 11 அன்று அந்த விதிகளை வகுத்த குழுவில் 17 பேரில் 11 பேர் ஆதரித்தார்கள். ஒருமித்த சம்மதம் வேண்டும் என்று சொல்லி, தலைமை வகித்த வில்சன் அதைத் தள்ளினார். அதே மாதம், அட்ரியாட்டிக் கடலோர ஃபியூமே துறைமுகம் கிடைக்காத கோபத்தில் இத்தாலி வெளியேறியது. ஜப்பானும் போய்விடுமோ என்ற அச்சத்தில், சீனாவின் ஷான்டாங்கில் ஜெர்மனிக்கு இருந்த உரிமைகளை ஜப்பானுக்கே கொடுத்தார்கள். சீனாவும் நேச நாடுகளின் பக்கம் நின்ற நாடுதான். மே 4 அன்று பெய்ஜிங் மாணவர்கள் தெருவில் இறங்கினார்கள். உடன்படிக்கை கையெழுத்தான ஜூன் 28 அன்று சீனா கையெழுத்திடவில்லை.