முயலுக்குத் தண்ணீர்: பாட்டிலா, கிண்ணமா, நிப்பிளா?

முயல் வாங்கப் போனால் கூண்டோடு சேர்த்து, கவிழ்த்து மாட்டுகிற ஒரு தண்ணீர் பாட்டிலையும் தலையில் கட்டிவிடுவார்கள். நானும் அப்படித்தான் வாங்கி வந்தேன். சென்னை தண்டையார்பேட்டையில் மூன்றாவது மாடி, மேலே ஆஸ்பெஸ்டாஸ் ஷீட், மே மாதம். காலையில் பாதி பாட்டில் தண்ணீர் ஊற்றி மாட்டிவிட்டு வேலைக்குப் போனால் சாயங்காலம் காலியாக இருக்கும், பரவாயில்லை நன்றாகக் குடிக்கிறது என்று ஒரு வாரம் சந்தோஷமாக இருந்தேன், கூண்டுக்கு அடியில் விரித்த பேப்பர் சொதசொதவென்று நனைந்திருப்பதைக் கையில் எடுத்துப் பார்க்கும் வரை.

பாட்டிலுக்குள் தண்ணீருக்கு மேலே இருக்கும் காற்று சூட்டில் விரிந்து தண்ணீரை வெளியே தள்ளுகிறது, அவ்வளவுதான் விஷயம். பாதி பாட்டில் என்றால் காற்று அதிகம், ஒழுகுவதும் அதிகம். அதனால் பாட்டில்தான் வைப்பேன் என்றால் முழுக்க நிரப்புங்கள், வெயில் படாத பக்கம் மாட்டுங்கள், மூடிக்குள் இருக்கும் வாஷரைப் பாருங்கள். தினமும் பாட்டில் குழாயின் நுனியில் இருக்கும் சின்னக் குண்டை விரல் நுனியால் தொட்டுப் பார்க்க வேண்டும், ஒரு சொட்டு வரவில்லை என்றால் குண்டு சிக்கியிருக்கிறது, வெளியிலிருந்து பார்த்தால் பாட்டில் நிறைய தண்ணீர் இருக்கும், முயல் தாகத்தில் கிடக்கும்.

என்னைக் கேட்டால் ஒன்றிரண்டு முயலுக்குக் கிண்ணம்தான். முயல் தலையைக் குனிந்து நக்கிக் குடிக்கிற பிராணி, கிண்ணத்தில் வைத்தால் பாட்டிலை விட அதிகமாகவே குடிக்கும். கிலோவுக்கு 50 முதல் 150 மில்லி வரை ஒரு நாளைக்கு வேண்டும், அதாவது 2 கிலோ முயல் என்றால் 300 மில்லி வரை, நம்ம ஊர் வெயிலில் அதற்கும் மேலே போகலாம். சொட்டுச் சொட்டாக வரும் பாட்டிலில் இதைக் குடித்து முடிப்பது அதற்குப் பெரிய வேலை.

பிளாஸ்டிக் கிண்ணம் வேண்டாம், பல்லால் கவ்வித் தூக்கி எறியும். அடி அகலமான, கனமான பீங்கான் கிண்ணம் வாங்குங்கள். மண் சட்டி குளிர்ச்சிதானே என்பார்கள், கடல் பக்கத்துப் புழுக்கத்தில் அது பெரிதாகக் குளிராது, உள்பக்கம் பாசியும் பிடிக்கும். கிண்ணத்தில் உள்ள தொல்லை என்னவென்றால் வைக்கோலும் புழுக்கையும் விழும், காலையும் மாலையும் மாற்றியே ஆக வேண்டும். இன்னொன்று, தாடைக்குக் கீழே தொங்கும் சதை பெரிதாக உள்ள பெண் முயலுக்கு அந்த இடம் நனைந்து நனைந்து புண்ணாகலாம், அதற்கு வாய் குறுகலான கிண்ணம் பாருங்கள்.

நிப்பிள், அதாவது பைப்பில் பொருத்தி, முயல் வாய் வைத்தால் தண்ணீர் வரும் சின்ன முனை, அதெல்லாம் மொட்டை மாடியில் பத்துக் கூண்டு வைத்திருப்பவர்களுக்கு. மூடி போட்ட பக்கெட்டைக் கூண்டுக்கு இரண்டு மூன்றடி மேலே வைத்தால் அந்த அழுத்தமே போதும், ஓவர்ஹெட் டேங்கில் நேரடியாக இணைத்தால் ஒழுகும். பைப் கறுப்பாக இருக்கட்டும், வெளிச்சம் புகுந்தால் பாசி. மத்தியானம் பைப்பில் நிற்கும் தண்ணீர் டீ மாதிரி கொதிக்கும், திறந்துவிட்டு வடித்துவிடுங்கள்.

பாட்டில், பைப் கழுவுகிற நீள பிரஷ் கொளத்தூர் மீன் கடைகளில் கிடைக்கும். உள்ளே விரல் வைத்தால் வழவழவென்று இருக்கக் கூடாது.

எந்தத் தண்ணீர்? நீங்கள் குடிப்பதுதான். எங்கள் பக்கம் போர் தண்ணீர் உப்புக் கரிக்கிறது, அதை முயலும் முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிக்கொள்கிறது. மெட்ரோ தண்ணீரோ கேன் தண்ணீரோ ஊற்றுங்கள்.

அப்புறம், பாட்டிலிலிருந்து கிண்ணத்துக்கு மாற்றும்போது முதல் வாரம் இரண்டையும் வையுங்கள், பழக்கம் விடாது. தண்ணீர் குறையவே இல்லை, புழுக்கையும் போடவில்லை, தீனியும் தொடவில்லை என்றால் மறுநாள் பார்க்கலாம் என்று விடாதீர்கள், அன்றே வேப்பேரி கால்நடை மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போய்விடுங்கள்.