மானிட்டர் 1024×768-லேயே நிற்கிறதா? லினக்ஸ் டெர்மினலில் சரிசெய்யும் முறை

புதிய மானிட்டர், நல்ல கிராஃபிக்ஸ் கார்டு. ஆனால் செட்டிங்ஸில் போய்ப் பார்த்தால் 1024×768-க்கு மேல் ஒன்றுமே இல்லை. கேவிஎம் சுவிட்ச் (ஒரே மானிட்டரையும் கீபோர்டையும் பல கம்ப்யூட்டர்களுக்குப் பகிரும் பெட்டி), எச்டிஎம்ஐ-யிலிருந்து விஜிஏ-வுக்கு மாற்றும் அடாப்டர், நீளமான விஜிஏ கேபிள் ஆகியவற்றில் ஏதாவது ஒன்று நடுவில் இருந்தால் இது அடிக்கடி நடக்கும். இதற்கு எக்ஸ்ரேண்டர் என்ற ஒரே கருவி போதும். இந்தக் கருவிக்கு அடிப்படையான ராண்டர் நீட்டிப்பின் 1.2 பதிப்பு 2007-இல் வந்த பிறகு கான்ஃபிக் கோப்பைத் தொடாமல், கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருக்கும்போதே திரையை மாற்றிக்கொள்ளலாம்.

கட்டளைகளை இங்கே ஒலிப்பில் எழுதியிருக்கிறேன். தட்டும்போது எல்லாமே ஆங்கிலச் சிறிய எழுத்து. கேபிள் முனைகளின் பெயர்கள் மட்டும் திரையில் எப்படித் தெரிகிறதோ அப்படியே. எக்ஸ்ரேண்டர் என்பது எக்ஸ், ஆர், ஏ, என், டி, ஆர் என ஆறு எழுத்து. ஆட்மோட் என்பதன் "ஆட்" பகுதியில் டி இரண்டு முறை வரும். எச்சிங்க், விசிங்க் இரண்டும் ஐந்தெழுத்துச் சொற்கள், முடிவில் என், சி மட்டுமே; கே கிடையாது. பெருக்கல் குறி வரும் இடத்தில் எக்ஸ் எழுத்தைத் தட்டுங்கள்.

முதலில் இதைப் பாருங்கள்: எக்ஸ்ஆர்க்கா, வேலண்டா?

திரையில் படம் காட்டும் வேலையை இந்த இரண்டில் ஒன்று செய்கிறது. எது என்று அறிய:

எக்கோ $எக்ஸ்டிஜி_செஷன்_டைப்

டாலர் குறிக்குப் பின்னால் வருவது மட்டும் பெரிய எழுத்து. விடை எக்ஸ்11 (அதாவது எக்ஸ்ஆர்க்) என்றால் தொடரலாம். வேலண்ட் என்று வந்தால் எக்ஸ்ரேண்டர் தகவலைக் காட்டும், ஆனால் எதையும் மாற்றாது. கேபிளின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் எக்ஸ்வேலண்ட்0 என்று வந்தால் அதுவும் வேலண்டின் அடையாளம். லாகின் திரையில் உள்ள பல்சக்கரத்தை அழுத்தி எக்ஸ்ஆர்க் செஷனைத் தேர்ந்தெடுங்கள். உபுண்டு 25.10 முதல் க்னோமில் அந்த வழியே இல்லை. அவர்களுக்கானது கடைசிப் பகுதியில்.

படி 1: கார்டு என்ன சொல்கிறது?

எக்ஸ்ரேண்டர்

என்று மட்டும் தட்டுங்கள். ஒவ்வொரு முனைக்கும் ஒரு வரி வரும்: எச்டிஎம்ஐ-1 கனெக்டட், விஜிஏ-1 டிஸ்கனெக்டட் என்பதுபோல. கீழே உள்ள பட்டியலில் நட்சத்திரக் குறி இருப்பது இப்போது ஓடும் மோட் (ரெசல்யூஷனும் ரீஃப்ரெஷ் ரேட்டும் சேர்ந்தது). கூட்டல் குறி இருப்பது மானிட்டர் விரும்பும் மோட்.

உங்கள் திரையில் வரும் முனைப் பெயரை அப்படியே குறித்துக்கொள்ளுங்கள். ஒரே எச்டிஎம்ஐ துளைக்கு டிரைவருக்கு ஒரு பெயர் உண்டு. மோட்செட்டிங் டிரைவரில் எச்டிஎம்ஐ-1, பழைய இன்டெல் டிரைவரில் நடுக்கோடு இல்லாத எச்டிஎம்ஐ1, ஏஎம்டி டிரைவரில் எச்டிஎம்ஐ-ஏ-0, என்விடியாவில் எச்டிஎம்ஐ-0. டிரைவர் மாறியதும் நேற்றுவரை ஓடிய ஸ்கிரிப்ட் படுத்துவிடுவது இதனால்தான்.

பட்டியலுக்கு மேலே "ஃபெயில்டு டு கெட் சைஸ் ஆஃப் காமா" என்று ஒரு வரி வந்து, முனையின் பெயர் டிஃபால்ட் என்று இருந்தால் அங்கேயே நிறுத்துங்கள். சரியான டிரைவர் ஏறவில்லை என்று பொருள்; கீழே உள்ள எந்தக் கட்டளையும் பலிக்காது. கேட் /புராக்/சிஎம்டிலைன் கொடுத்து, வரும் வரியில் நோமோட்செட் என்ற சொல் இருக்கிறதா என்று தேடுங்கள். இன்ஸ்டால் செய்யும்போது திரை கறுத்ததால், லினக்ஸைத் தொடக்கிவைக்கும் க்ரப்பில் சேர்த்துவிட்டு, பிறகு எடுக்க மறந்துபோன சொல் அது. எடுத்துவிட்டு ரீபூட் செய்தால் பாதிச் சிக்கல் தானே தீரும்.

படி 2: 1024-இல் நிற்பது ஏன்?

மானிட்டர் தன் திறன்களை குறைந்தது 128 பைட் கொண்ட இடிஐடி என்ற தொகுதியாக கார்டுக்கு அனுப்புகிறது. அது வராவிட்டால் கர்னல் துணிந்து எதையும் ஊகிக்காது; 1024×768 வரை மட்டும் கொடுத்துவிட்டு நின்றுவிடும்.

எக்ஸ்ரேண்டர் --பிராப்

இதில் உங்கள் முனைக்குக் கீழே இடிஐடி என்ற தலைப்பும், 00-இல் தொடங்கி எஃப்எஃப் ஆறு முறை வந்து மீண்டும் 00 என்று போகும் எண் தொகுதியும் இருக்க வேண்டும். இல்லையென்றால் தகவல் வழியில் அறுந்திருக்கிறது. விஜிஏ கேபிளில் 12, 15-ஆம் ஊசிகள்தாம் இதைச் சுமக்கின்றன, வளைந்திருக்கிறதா பாருங்கள். 9-ஆம் ஊசி இல்லாத கேபிள்கள் நிறைய உண்டு, அதைக் கண்டு பயப்பட வேண்டாம். கேவிஎம் இருந்தால் அதைக் கழற்றிவிட்டு நேராகச் செருகிப் பாருங்கள். நேராகச் செருகினால் சரியாக வருகிறது, கேவிஎம் வழியாக வரவில்லை என்றால் கேபிளை மாற்றிப் பணத்தை வீணாக்காதீர்கள்.

படி 3: மோட்லைன்

மோட்லைன் என்பது ஒரு மோடின் நேரக்கணக்கை எண்களாகச் சொல்லும் வரி. எல்லோரும் சறுக்கும் இடம் இது. கொஞ்சம் நிதானமாகப் போவோம்.

இணையத்தில் கிடைக்கும் விளக்கங்கள் அநேகமாக எல்லாமே, மோட்லைனைக் கணக்கிட்டுத் தரும் சிவிடி கருவியில் "சிவிடி 1920 1080 60" என்று தட்டி, வரும் வரியைப் படியெடுக்கச் சொல்லும். வருவது இது:

173.00 1920 2048 2248 2576 1080 1083 1088 1120 -எச்சிங்க் +விசிங்க்

முதல் எண் பிக்சல் கிளாக், மெகாஹெர்ட்ஸில். அடுத்த நான்கும் கிடைமட்டக் கணக்கு: கண்ணுக்குத் தெரியும் அகலம், சிங்க் துடிப்பு தொடங்கும் இடம், முடியும் இடம், வரியின் மொத்த நீளம். அதற்கடுத்த நான்கும் செங்குத்தாக அதே கணக்கு. பிக்சல் கிளாக்கை இரண்டு மொத்தங்களின் பெருக்கலால் வகுத்தால் ரீஃப்ரெஷ் ரேட் கிடைக்கும். 2576-ஐ 1120-ஆல் பெருக்கி 173 மெகாஹெர்ட்ஸை வகுங்கள், 59.96 வரும்.

இதில் ஓர் ஓட்டை இருக்கிறது. சிவிடி வழக்கமாகக் கொடுக்கும் நேரக்கணக்கு பழைய குழாய் மானிட்டரில் எலக்ட்ரான் கற்றை திரும்பி வர அவகாசம் விடுவது. எல்சிடி-க்கு அந்த அவகாசம் தேவையில்லை. வீணாக பிக்சல் கிளாக் ஏறுகிறது. தொடக்ககால எச்டிஎம்ஐ-யும் சிங்கிள் லிங்க் டிவிஐ-யும் 165 மெகாஹெர்ட்ஸோடு நின்றுவிடும். அந்த எல்லைக்குள் இயங்கும் அடாப்டருக்கு 173 கொடுத்தால் திரை கறுக்கும், அல்லது "அவுட் ஆஃப் ரேஞ்ச்" வரும். குறை மானிட்டரில் இல்லை, எண்ணில் இருக்கிறது.

ஆகவே 1920×1080-க்கு நான் சிவிடி-யைத் தொடுவதே இல்லை. டிவி உலகம் பயன்படுத்தும் தர நேரக்கணக்கையே நேராகக் கொடுப்பேன்:

எக்ஸ்ரேண்டர் --நியூமோட் எஃப்எச்60 148.50 1920 2008 2052 2200 1080 1084 1089 1125 +எச்சிங்க் +விசிங்க்

2200 × 1125 × 60 = 14,85,00,000. பிசிறில்லாமல் 60 ஹெர்ட்ஸ்.

எஃப்எச்60 என்பது நாமாக வைக்கும் பெயர். சிவிடி கொடுக்கும் பெயர் மேற்கோள் குறி, அடிக்கோடு, புள்ளி எல்லாம் கலந்து நீளமாக இருக்கும். அடுத்த இரண்டு கட்டளைகளில் அதில் ஒரு குறியை விட்டாலும் "கேன்னாட் ஃபைண்ட் மோட்" என்று திருப்பி அனுப்பிவிடும். சின்னப் பெயராக வையுங்கள். சிவிடி வரியைப் படியெடுப்பவர்கள் தொடக்கத்தில் இருக்கும் மோட்லைன் என்ற சொல்லைச் சேர்த்து எடுத்துவிடக் கூடாது.

வேறு ரெசல்யூஷன் வேண்டுமானால் சிவிடி-தான் வழி, ஆனால் -ஆர் சேர்த்து: சிவிடி -ஆர் 2560 1440 60. சேர்க்காவிட்டால் 312.25 மெகாஹெர்ட்ஸ், சேர்த்தால் 241.50. -ஆர் 60-இன் மடங்குகளை மட்டுமே ஏற்கும். ஜிடிஎஃப் என்று இன்னொரு பழைய கருவி உண்டு, அதை மறந்துவிடலாம்.

படி 4: முனையோடு சேர்த்தல்

எக்ஸ்ரேண்டர் --ஆட்மோட் எச்டிஎம்ஐ-1 எஃப்எச்60

இந்தக் கட்டத்தில் திரையில் எதுவும் மாறாது. மாற்றும் கட்டளையைத் தனியாகக் கொடுக்காதீர்கள். திரை கறுத்துவிட்டால் இருட்டில் தட்ட வேண்டியிருக்கும். இப்படிக் கொடுங்கள், ஒரே வரியில்:

எக்ஸ்ரேண்டர் --அவுட்புட் எச்டிஎம்ஐ-1 --மோட் எஃப்எச்60; ஸ்லீப் 15; எக்ஸ்ரேண்டர் --அவுட்புட் எச்டிஎம்ஐ-1 --மோட் 1024×768

படம் சரியாக வந்தால் 15 விநாடிக்குள் கண்ட்ரோல்-சி அழுத்துங்கள், புதிய மோட் நிலைக்கும். வராவிட்டால் சும்மா இருங்கள், பழையது தானே திரும்பும்.

பிழைச் செய்திகள்

"பேட்நேம்: நேம்டு கலர் ஆர் ஃபான்ட் டஸ் நாட் எக்ஸிஸ்ட்". நிறத்துக்கும் எழுத்துருவுக்கும் இதில் ஒரு சம்பந்தமும் இல்லை. எக்ஸ் சர்வரின் பொதுப் பிழை வாசகம் அது. அதே பெயரில் ஏற்கெனவே ஒரு மோட் இருக்கிறது, அவ்வளவுதான். நியூமோட் கட்டளையை இரண்டாம் முறை ஓட்டினால் கட்டாயம் வரும். பெயரை மாற்றுங்கள், அல்லது நேராக ஆட்மோடுக்குப் போங்கள்.

"கான்ஃபிகர் சிஆர்டிசி 0 ஃபெயில்டு" என்றால் கார்டோ முனையோ அந்த வேகத்தை ஏற்கவில்லை. பழைய லேப்டாப்பில் 2560×1440 கேட்கும்போது இது வரும். இன்டெலின் ஐவி பிரிட்ஜ் தலைமுறையில் எச்டிஎம்ஐ 225 மெகாஹெர்ட்ஸ் வரைதான், 241.50 நுழையாது. மற்ற எண்களை அப்படியே வைத்துக்கொண்டு கிளாக்கை மட்டும் 221.50 ஆக்கி, வேறு பெயரில் நியூமோட் கொடுங்கள். 55 ஹெர்ட்ஸ் கிடைக்கும். அந்த வேகத்தை மானிட்டரும் ஏற்க வேண்டும். எழுதுவதற்கும் படிப்பதற்கும் 55-க்கும் 60-க்கும் வித்தியாசம் தெரியாது.

என்விடியாவின் சொந்த டிரைவரில் ஆட்மோட் "பேட்மேட்ச்" என்று முரண்டு பிடிப்பது உண்டு. அந்த டிரைவர் மோடுகளைத் தன் விதிப்படி சரிபார்க்கிறது. அங்கே என்விடியா-செட்டிங்ஸ் கருவியும், எக்ஸ்ஆர்க் கோப்பில் மோட்வேலிடேஷன் தேர்வும்தான் வழி.

படி 5: ரீபூட்டுக்குப் பிறகும் நிற்க

எக்ஸ்ரேண்டர் செய்ததெல்லாம் எக்ஸ் சர்வர் உயிரோடு இருக்கும்வரைதான். ஹோம் கோப்புறையில் .எக்ஸ்புரொஃபைல் என்ற கோப்பை உருவாக்கி நியூமோட், ஆட்மோட், அவுட்புட் ஆகிய மூன்று வரிகளையும் வரிசையாக எழுதினால் லாகின் ஆகும்போது ஓடும். ஸ்லீப் பகுதியை இதில் சேர்க்காதீர்கள்.

கோப்பு ஓடியும் திரை பழையபடி இருந்தால், டெஸ்க்டாப் பின்னால் வந்து மாற்றிவிடுகிறது என்று பொருள். க்னோம் .கான்ஃபிக் கோப்புறையில் மானிட்டர்ஸ்.எக்ஸ்எம்எல் என்ற கோப்பில் தன் கணக்கை எழுதி வைத்திருக்கும், லாகினுக்குப் பிறகு அதையே நடைமுறைப்படுத்தும். அந்தக் கோப்பின் பெயரை மாற்றி ஓரமாக வையுங்கள். பிறகு முதல் இரண்டு வரிகளை மட்டும் எக்ஸ்புரொஃபைலில் விட்டு, செட்டிங்ஸ் பட்டியலில் புதிதாகத் தோன்றும் 1920×1080-ஐத் தேர்ந்தெடுத்துச் சேமியுங்கள். டெஸ்க்டாப்போடு சண்டை போடுவதைவிட அதன் வாயாலேயே சொல்ல வைப்பது சுலபம்.

லாகின் திரையே தெரியவில்லை என்பவர்களுக்கு எக்ஸ்புரொஃபைல் உதவாது. /இடிசி/எக்ஸ்11/எக்ஸ்ஆர்க்.கான்ஃப்.டி கோப்புறையில் (எக்ஸ்11-இன் எக்ஸ் பெரிய எழுத்து) மானிட்டர் பிரிவு ஒன்றை எழுத வேண்டும்: ஐடென்டிஃபையர் என்ற இடத்தில் முனையின் பெயர், அடுத்து மோட்லைன் வரி, அடுத்து பிரிஃபர்டுமோட் தேர்வில் எஃப்எச்60. இந்தக் கோப்பில் மோட்லைன் என்ற சொல் தேவை, டெர்மினலில்தான் தேவையில்லை.

இரண்டு சின்ன விஷயங்கள்

கறுப்பு சாம்பலாக வெளிறித் தெரிந்தால் இன்டெல் கார்டு உங்கள் மானிட்டரை டிவி என்று நினைத்து 16 முதல் 235 வரையான நிற அளவை மட்டும் அனுப்புகிறது. அவுட்புட் கட்டளையோடு --செட் "பிராட்காஸ்ட் ஆர்ஜிபி" "ஃபுல்" சேர்த்தால் சரியாகும். பிராட்காஸ்டின் பி, ஃபுல்லின் எஃப், ஆர்ஜிபி மூன்றும் பெரிய எழுத்து. இடைவெளி இருப்பதால் மேற்கோள் குறி கட்டாயம்.

--பிரைட்னஸ் 0.7 என்பது பின்விளக்கைக் குறைப்பதில்லை. நிற மதிப்புகளை மட்டும் கீழே இறக்குகிறது. பேட்டரி மிச்சமாகாது.

பின்சேர்க்கை: வேலண்டில்

கேடிஇ-யில் கேஸ்கிரீன்-டாக்டர், ஸ்வே வகையறாக்களில் டபிள்யூஎல்ஆர்-ராண்டர், க்னோம் 48 முதல் ஜிடிசிடிஎல் ஆகியவை முனைகளைப் பட்டியலிடவும் மோட் மாற்றவும் உதவும். பட்டியலிலேயே இல்லாத மோடைக் கொண்டுவர, எல்லா டெஸ்க்டாப்புக்கும் பொதுவான வழி கர்னலிடமே சொல்வது. க்ரப்பின் கட்டளை வரியில்:

வீடியோ=எச்டிஎம்ஐ-ஏ-1:1920×1080எம்ஆர்@60

எம்மும் ஆரும் பெரிய எழுத்து. எம் என்றால் சிவிடி கணக்கு, ஆர் என்றால் எல்சிடி-க்கான குறைந்த அவகாசம், 138.50 மெகாஹெர்ட்ஸில் அடங்கிவிடும். முனையின் பெயர் இங்கே கர்னல் வைத்தது. எக்ஸ்ரேண்டர் எச்டிஎம்ஐ-1 என்று சொல்வதை கர்னல் எச்டிஎம்ஐ-ஏ-1 என்கிறது. /சிஸ்/கிளாஸ்/டிஆர்எம் கோப்புறையைப் பட்டியலிட்டால் கார்டு0 அல்லது கார்டு1 என்ற முன்னொட்டோடு சரியான பெயர் கிடைக்கும். அந்த முன்னொட்டை விட்டுவிட்டு மீதியை எழுதுங்கள்.

கேவிஎம்தான் குற்றவாளி என்று தெரிந்துவிட்டால் இன்னும் சுத்தமான வழி உண்டு. மானிட்டரை நேராகச் செருகி, மேற்சொன்ன கோப்புறைக்குள் அந்த முனையின் இடிஐடி கோப்பை /லிப்/ஃபர்ம்வேர்/இடிஐடி என்ற இடத்துக்குப் படியெடுத்து மான்.பின் என்று பெயரிடுங்கள். பிறகு க்ரப்பில் டிஆர்எம்.இடிஐடி_ஃபர்ம்வேர்=எச்டிஎம்ஐ-ஏ-1:இடிஐடி/மான்.பின் சேர்த்துவிட்டு கேவிஎம்மைத் திரும்ப மாட்டலாம். படியெடுத்த கோப்பு 0 பைட் என்று இருந்தால் கேவிஎம் இன்னும் நடுவில் இருக்கிறது. ரீபூட் செய்தும் பலிக்கவில்லையென்றால் கிராஃபிக்ஸ் டிரைவர் இனிட்ராம்எஃப்எஸ்-இலேயே (கர்னல் தொடங்கும்போது முதலில் ஏறும் சிறு கோப்புத் தொகுப்பு) ஏறிவிடுகிறது; அந்தக் கோப்பையும் அதற்குள் சேர்த்து, இனிட்ராம்எஃப்எஸ்-ஐ மறுபடி உருவாக்க வேண்டும்.